நடுக்குவாதமும் உளச்சோர்வும்: குருதியில் ஒரு தேடல்

காய்ச்சல் என்றால் வெப்பமானியை நாக்கின் அடியில் வைக்கிறோம். நீரிழிவு என்றால் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுக் குருதி போதும். ஆனால் ஒருவர் உள்ளத்தில் குடியேறியிருக்கும் துயரம், நோய் என்று சொல்லத்தக்க அளவை எட்டிவிட்டதா என்று அறிய வேண்டுமானால், மருத்துவர் அவரை எதிரில் அமர்த்தி வினாக்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவ்விடையையும் குருதியிலேயே படித்துவிட முடியாதா என்னும் ஆவல் மருத்துவத்துக்கு மிகப் பழையது. அந்த ஆவல் பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தின் வரலாற்றில் எவ்வாறு வந்து புகுந்தது, எதுவரை சென்றது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் மருத்துவம் செய்த கிரேக்கப் பேரறிஞர் கலேன் இதற்கொரு முறை வகுத்திருந்தார். வாதம், பித்தம், கபம் என மூன்றைக் கொண்டு உடலை விளக்குவது நம் மரபு. கிரேக்கரோ குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கைக் கொண்டனர். நீங்காத் துயரத்துக்கு அவர்கள் இட்ட பெயராகிய ‘மெலங்கோலியா’ என்பதற்குப் பொருளே கரும்பித்தம் என்பதுதான். துயருற்றவனின் முழங்கை மடிப்பில் உள்ள நாளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வெளிவரும் குருதி கருமையாக இருந்தால் உடல் முழுவதும் கரும்பித்தம் பரவியிருக்கிறது என்று கொண்டு மேலும் வடியவிட வேண்டும். அவ்வாறு இல்லையெனில் உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் நோய் மூளையில் மட்டுமே உள்ளது என்பது கலேனின் கூற்று. கோட்பாடு பிழையானது. ஆயினும், குருதியைக் கொண்டு மனத்துயரை வகைப்படுத்தி, அதற்கேற்ப மருத்துவத்தை முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் முழுமையாகவே இருக்கிறது. இன்றைய ஆய்வுக்கூடங்களின் எண்ணமும் அதுவே.

இனி நடுக்குவாதத்துக்கு வருவோம். இந்நோய்க்குத் தம் பெயரை வழங்கிய ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755இல் இலண்டன் மாநகரை அடுத்த ஹாக்ஸ்டனில் பிறந்தவர். தந்தையைப் போலவே அவரும் அவ்வூர் மக்களுக்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தவர். மருத்துவத்தோடு நின்றவரல்லர். ‘முதிய ஹூபர்ட்’ என்னும் புனைபெயரில் அரசைக் கண்டித்து துண்டு நூல்கள் எழுதினார். மன்னரைக் கொல்லத் தீட்டியதாகச் சொல்லப்பட்ட சதியொன்றின் தொடர்பில் 1794இல் அரச மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டார். புதைபடிவங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றினார். அவருடைய பெயர் நிலைத்ததோ, 1817இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றினால்தான். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவர் மட்டுமே. அவர்களுள்ளும் சிலரைத் தெருவில் நடந்து செல்லும்போது கண்டவர்தாம். கைநடுக்கம், முன்னோக்கிக் குனிந்த உடல், நடை தானே ஓட்டமாக மாறிவிடும் விந்தை ஆகியவற்றை அவர் எழுதியிருக்கும் திறத்தைக் கண்டு இன்றும் மருத்துவர்கள் வியக்கின்றனர்.

ஆனால் அந்நூலில் அவர் தந்த நோய் இலக்கணத்தின் இறுதியில், புலன்களுக்கும் அறிவுக்கும் இந்நோயால் கேடில்லை என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டார். அக்குறிப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவர்களின் கண்ணை மறைத்தது. இதில் வியப்பு என்னவெனில், அதே நூலில் வேறொரு மருத்துவர் எழுதிய நோய்க்கதையொன்றைப் பார்க்கின்சனே எடுத்தாண்டுள்ளார். முன்னர் அழகும் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் மிக்கவராய் விளங்கிய பிரெஞ்சுப் பிரபு ஒருவர் மெலிந்து, கூனி, சோர்ந்து, காண்போர் உள்ளம் வருந்தும் தோற்றத்தை அடைந்ததை அக்கதை கூறுகிறது. ஆக, துயரம் அந்நூலின் பக்கங்களில் இருக்கத்தான் செய்தது. நோயின் இலக்கணத்தில்தான் அதற்கு இடம் கிடைக்கவில்லை. மருத்துவமாகப் பார்க்கின்சன் பரிந்துரைத்ததோ, கழுத்தின் மேற்பகுதியிலிருந்து குருதியை வெளியேற்றுவதும் அவ்விடத்தில் கொப்புளம் எழச் செய்வதுமாகும்.

பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ என்பவரே நோய்க்குப் பார்க்கின்சன் பெயரை இட்டவர். அவர் பார்க்கின்சனின் குறிப்பை மறுத்து, நோய் முற்றும்போது மனத்தின் ஆற்றல்களும் குன்றுகின்றன என்று கற்பித்தார். 1882இல் அதே நகரத்தின் மனநோய்ப் பேராசிரியர் பெஞ்சமின் பால், நடுக்குவாத நோயாளரிடையே காணும் மனக்கோளாறுகளைப் பற்றித் தனியாகவே எழுதி, அவற்றுள் சோர்வுநிலைக்கு முதலிடம் தந்தார். இங்கிலாந்தின் கௌவர்ஸோ வேறு திசையில் சென்றார். நீண்ட நாள் கவலையும் திடீர் அதிர்ச்சியும் நோயைக் கொண்டுவருகின்றன என்பது 1880களில் அவர் எழுதிய மருத்துவ நூலின் கருத்து. இவ்வாறு ஒருசாரார் துயரத்தை நோயின் காரணம் என்றனர். மறுசாரார் நோயின் விளைவு என்றனர். கைநடுங்கி, நடைதளர்ந்து, பிறர் கையை எதிர்பார்த்து வாழ நேர்ந்தவன் வருந்தாமல் வேறென்ன செய்வான் என்பது அவர்தம் வாதம். இவ்விரு சாராருமே துயரத்தை நோய்க்கு வெளியே வைத்துவிட்டனர் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயும் துயரமும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கக் கூடும் என்று எண்ணுவதற்கு அந்த வேர் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா?

அது 1919இல் தெரியவந்தது. பாரிசில் பயின்ற உருசியரான திரெத்தியாக்கோவ், இறந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்து, நடுமூளையில் ‘கரும்பொருள்’ என வழங்கும் பகுதியின் உயிரணுக்கள் அழிந்து அதன் கருமை மங்கியிருப்பதைக் கண்டார். கரும்பித்தம் மிகுவதால் துயரம் வருகிறது என்றார் கலேன். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், மூளையின் கருமை குறைவதால் நடுக்கம் வருகிறது என்று அறிந்தது உலகம். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. சொற்கள்தாம் தற்செயலாக ஒத்துப்போயின. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கரும்பொருளில் குறைந்துபோனது என்ன என்பதை அறிய மேலும் 40 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையில் இந்திய மண்ணின் இரு மூலிகைகளுக்குப் பங்குண்டு என்பது தமிழ் வாசகர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

முதலாவது சர்ப்பகந்தி. பித்தேறியவரை அமைதிப்படுத்த நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த இவ்வேர், உயர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதை 1931இல் வங்கத்து மருத்துவர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதினர். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளரிடம் கண்ட பலனைப் பிரித்தானிய இதழில் வெளியிட்ட பின்னரே மேலை உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் உட்பொருளைப் பிரித்து ‘ரெசர்ப்பின்’ எனப் பெயரிட்டனர். அழுத்தத்துக்காக இம்மருந்தை உண்டவர்களுள் சிலர் காரணமின்றி அழுவதையும், வாழ்வில் பிடிப்பற்றுப் போவதையும், வேறு சிலர் நடுக்குவாதம் கண்டவர்போல் உடல் இறுகிப்போவதையும் மருத்துவர்கள் கண்டனர். ஒரே மருந்து இரு நோய்களின் சாயலையும் கொண்டுவந்தது! ரெசர்ப்பின் மூளையிலுள்ள செரொட்டோனின், டோப்பமின் முதலிய வேதிப்பொருள்களை வற்றச் செய்கிறது என்பது 1950களின் நடுவிலும் பிற்பகுதியிலும் தெளிவாயிற்று. ரெசர்ப்பினால் உளச்சோர்வு வருகிறது என்பதைப் பிற்கால மறு ஆய்வுகள் ஐயுற்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் துயரமும் நடுக்கமும் மூளையின் வேதியியலில் அண்டை வீட்டார் என்ற எண்ணம் வேரூன்றியது அந்த மருந்தால்தான்.

இரண்டாவது நம் ஊர்ப்புறங்களில் தொட்டாலே அரிப்பெடுக்கச் செய்யும் பூனைக்காலி. இதன் விதையில் ‘லெவோடோப்பா’ எனப்படும் பொருள் இருப்பதை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் அறிஞர்களான தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் பிரித்தெடுத்துக் காட்டினர். அதற்கு முன் 1913இல் குகன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரையொன்றிலிருந்து அதைப் பெற்றிருந்தார். அப்பொருள் எதற்குப் பயன்படும் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன், ரெசர்ப்பின் தந்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பாவை ஊசி வழியே செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளையில் டோப்பமின் வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினர். 1961இல் அந்நகரிலேயே லெவோடோப்பா நோயாளருக்குச் செலுத்தப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதை வாய்வழியே பேரளவில் சிறிது சிறிதாகக் கூட்டித் தந்து நிலைத்த பலன் கண்டார். ஆண்டுக்கணக்கில் நாற்காலியில் உறைந்திருந்தவர்கள் எழுந்து நடந்தனர்.

கைகால்கள் விடுபட்டன, உள்ளமும் விடுபட்டதா? துயரம் முடக்கத்தின் விளைவு மட்டுமே என்றால், முடக்கம் நீங்கியதும் அதுவும் நீங்கியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நடக்கத் தொடங்கியவருள் பலர் துயரத்தோடேயே நடந்தனர். உடற்குறை சிறிதாக இருந்தவரிடம் பெருஞ்சோர்வும், முற்றும் முடங்கியவரிடம் தெளிந்த உள்ளமும் காணப்பட்டன. ‘வருந்தாமல் என்ன செய்வான்’ என்ற பழைய விளக்கம் இங்கேதான் தளர்ந்தது. உளச்சோர்வு இந்நோயின் ஓர் உறுப்பாகவே இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்று, அதற்குச் சான்று தேடும் முயற்சி தொடங்கிற்று.

தேடல் முதலில் சென்றது குருதிக்கன்று. முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீருக்கு. 1984இல் நியூயார்க்கில் மேயூவும் அவர்தம் தோழர்களும் நடுக்குவாத நோயாளரின் முதுகுத்தண்டு நீரை எடுத்து, செரொட்டோனின் சிதையும்போது உண்டாகும் கழிபொருளை அளந்தனர். உளச்சோர்வு உடையோரிடம் அது குறைவாக இருந்தது. டோப்பமின் குறைவது நடுக்கத்துக்கும், செரொட்டோனின் குறைவது துயரத்துக்கும் காரணமாகலாம் என்ற அழகான படம் உருவாயிற்று. அழகான படங்களை மூளை எளிதில் ஏற்பதில்லை. இரு குழுவினரின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஒருவரின் அளவைப் பார்த்து இவர் சோர்வுற்றவர் என்று கூற இயலவில்லை. மேலும், முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பதை ஒவ்வொரு முதியவரிடமும் செய்ய முடியுமா? எனவேதான் எல்லாருடைய கண்ணும் குருதியின்மேல் திரும்பிற்று.

குருதியில் மூளையைப் படிப்பதில் உள்ள முதல் இடர், மூளைக்கும் குருதிக்கும் இடையே உள்ள தடுப்பு. டோப்பமினைக் குருதியில் செலுத்தினால் அது மூளைக்குள் நுழையாது. அதன் மூலப்பொருளான லெவோடோப்பாவே நுழையும். நடுக்குவாத மருத்துவம் முழுவதும் இந்த ஒரு சுவரைச் சுற்றியே கட்டப்பட்டது. செரொட்டோனின் கதை இன்னும் சிக்கலானது. நம் உடலிலுள்ள செரொட்டோனினில் மிகப்பெரும் பங்கு குடலில் உண்டாகிறது. குருதியில் அது தட்டணுக்களுக்குள் சேமிக்கப்படுகிறது. ஆகவே, குருதியில் செரொட்டோனினை அளப்பது பெரும்பாலும் குடலை அளப்பதாகவே முடியும். நடுக்குவாதத்திலோ குடலும் நோய்வாய்ப்படுகிறது. மலச்சிக்கல் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுவதுண்டு.

இந்நிலையில் 1981இல் அமெரிக்காவில் கரோல் என்பவர் உளச்சோர்வுக்கு ஒரு குருதிச் சோதனையை முன்வைத்தபோது எழுந்த ஆரவாரத்தை விளங்கிக்கொள்ளலாம். இரவில் டெக்சாமெத்தசோன் மாத்திரை ஒன்று தருவர். உடல்நலம் உடையவரின் குருதியில் மறுநாள் கார்ட்டிசால் என்னும் சுரப்பு அடங்கிவிடும். கடும் உளச்சோர்வு உடையவரிடம் அடங்காது. மனநோய் மருத்துவத்துக்கும் ஒரு வெப்பமானி கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினர். நடுக்குவாத நோயாளரிடமும் இதைச் செய்து பார்த்தனர். உளச்சோர்வு இல்லாத நோயாளர் சிலரிடமும் கார்ட்டிசால் அடங்க மறுத்தது. உடல் எடைக் குறைவு, மறதி நோய், பிற மருந்துகள் எனப் பல காரணங்களாலும் அச்சோதனை பிறழும் என்று விரைவில் தெரிந்தது. பத்தாண்டுக்குள் ஆரவாரம் ஓய்ந்தது.

அடுத்த அலை வேறு திசையிலிருந்து வந்தது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஈரல் அழற்சிக்கும் சிலவகைப் புற்றுநோய்க்கும் இண்டர்ஃபெரான் என்னும் மருந்தைத் தந்தபோது, முன்பு மனநோயே அறியாதவர்களுள் பலர் சில வாரங்களில் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர். இண்டர்ஃபெரான் என்பது உடலின் காவற்படை தன்னுள் பரிமாறிக்கொள்ளும் செய்திப்பொருள். காய்ச்சலின்போது நமக்கு உணவு வேண்டாம், பேச்சு வேண்டாம், ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால் போதும் என்று தோன்றுகிறதல்லவா? அத்தோற்றத்தை எழுப்புபவை இத்தகைய செய்திப்பொருள்களே. உடலின் காவற்படை ஓய்வின்றி விழித்திருந்தால், அந்தச் சுருண்ட நிலையே நிலைத்துவிடலாம் என்ற கருத்து 1990களில் வலுத்தது. நடுக்குவாத மூளையின் கரும்பொருளில் காவல் உயிரணுக்கள் கிளர்ந்தெழுந்திருப்பதை 1988இல் கனடாவின் மெக்கீர் குழுவினர் முன்னரே காட்டியிருந்தனர். இரு ஓடைகளும் ஒன்றாய்க் கலந்தன.

2010இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மென்சா என்பவரின் குழு, நடுக்குவாத நோயாளரின் குருதியில் ‘டி.என்.எஃப். ஆல்ஃபா’ என்னும் அழற்சிப் பொருளின் அளவுக்கும் அவர்தம் உளச்சோர்வுக்கும் அறிவாற்றல் குறைவுக்கும் தொடர்பு கண்டது. 2012இல் சுவீடனின் லிண்ட்க்விஸ்ட் குழுவினர் அதே பொருளோடு வேறொரு அழற்சிப் பொருளையும் அளந்து, உளச்சோர்வு, மனக்கலக்கம், அயர்ச்சி ஆகியவற்றோடு அவை இணைந்து செல்வதைக் கண்டனர். குருதியில் தேடிய வரலாற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கையூட்டும் இடம் இதுவே. அழற்சி மிகும்போது, செரொட்டோனின் ஆகவேண்டிய டிரிப்டோஃபன் என்னும் உணவுச்சத்து கைனுரெனின் என்னும் பாதைக்குத் திருப்பிவிடப்படுகிறது. அப்பாதையின் ஒரு கிளை நரம்பணுக்களைக் காக்கும் பொருளிலும், மற்றொரு கிளை அவற்றை நச்சூட்டும் பொருளிலும் முடிகிறது. கைனுரெனின் மூளைத் தடுப்பைக் கடக்கவும் வல்லது. அழற்சி, செரொட்டோனின் குறைவு, நரம்பணு அழிவு ஆகிய மூன்றும் ஒரு நூலில் கோக்கப்படுகின்றன. குருதியில் அளப்பது மூளையோடு தொடர்புடையதாகவும் இருக்கிறது.

மூளை நரம்பணுக்களை ஊட்டி வளர்க்கும் ‘பி.டி.என்.எஃப்.’ என்னும் புரதமும் தேடப்பட்டது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பார்டேயும் தோனனும் பிரித்தெடுத்த இப்புரதம், உளச்சோர்வு உடையோர் குருதியில் குறைவாக உள்ளது என்று 2002இல் தெரியவந்தது. நடுக்குவாதத்திலோ ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று இசையவில்லை. குருதியிலுள்ள இப்புரதமும் பெரும்பாலும் தட்டணுக்களில் தங்கியிருப்பது. குருதி உறையும்போது வெளிப்படுவது. எடுத்த குருதியை எவ்வளவு நேரம் வைத்திருந்தனர் என்பதே அளவை மாற்றிவிடும்.

இன்னொரு முடிச்சையும் பார்ப்போம். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடுக்குவாத நோயாளரின் குருதியில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் மிகுந்திருப்பவரிடம் சோர்வும் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. ஆனால் லெவோடோப்பா உடலில் சிதையும்போதே ஹோமோசிஸ்டீன் பெருகுகிறது. அப்படியானால் நாம் அளப்பது துயரத்தையா, நோயின் முதிர்ச்சியையா, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையின் எண்ணிக்கையையா? முதியவர்களுக்கே உரிய நீரிழிவு, இருதய நோய், உறக்கக் குறைவு, உடற்பயிற்சியின்மை ஆகிய ஒவ்வொன்றும் அழற்சிப் பொருள்களை உயர்த்தக் கூடியவை.

இவற்றையெல்லாம்விட ஆழமான இடர் வேறொன்று உண்டு. குருதிச் சோதனை சரியா என்று எதைக்கொண்டு சரிபார்ப்பது? வினாப்பட்டியலைக் கொண்டுதான். இங்கிலாந்தில் ஹாமில்டன் 1960இல் வகுத்த பட்டியல் இன்றும் பெரிதும் பயன்படுவது. உறக்கம் கெட்டதா, அசைவும் பேச்சும் மந்தமாயினவா, உடல் தளர்ந்ததா, எடை குறைந்ததா என்று அது கேட்கிறது. துயரமே அறியாத நடுக்குவாத நோயாளரும் இவற்றுக்கு ஆம் என்றுதான் கூறுவார்! மறுபுறம், இந்நோய் முகத் தசைகளை இறுக்கி முகமூடி அணிந்தாற்போல் ஆக்கிவிடுவதால், உள்ளே மகிழ்பவரும் துயருற்றவராகத் தோன்றுகிறார். உள்ளே அழுபவரும் வெறும் நோயாளியாகவே தோன்றுகிறார். வளைந்த கோலைக் கொண்டு அளந்துவிட்டு, துணி நேராக இல்லை என்று குறை கூறும் கதையாக இருக்கிறது பல ஆய்வுகளின் நிலை.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கணக்கின்படி, நடுக்குவாத நோயாளருள் 17 விழுக்காட்டினருக்குக் கடும் உளச்சோர்வு உண்டு. கவனிக்கத்தக்க சோர்வுக் குறிகள் உடையோர் 35 விழுக்காட்டினர். இவர்களை மருத்துவர்கள் கண்டுகொள்கின்றனரா? 101 நோயாளரைக் கொண்டு 2002இல் வெளியான ஆய்வொன்றில், வினாப்பட்டியலின்படி 44 விழுக்காட்டினருக்குச் சோர்வு இருந்தது. அவர்களை வழக்கமாகப் பார்த்துவந்த நரம்பியல் மருத்துவர்கள் இருப்பதாகக் குறித்ததோ 21 விழுக்காட்டினரிடம் மட்டுமே. தேர்ந்த மருத்துவர்களே தவறவிடும்போது குடும்பத்தாரைச் சொல்லிப் பயனில்லை. நம்மவர் வீடுகளில் தாத்தா பேசாமல் மூலையில் அமர்ந்துவிட்டால், வயதாகிவிட்டது, வேறென்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கை நடுங்கினால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். உள்ளம் நடுங்கினால் அழைத்துச் செல்வதில்லை. குருதியில் ஓர் எண் வந்திருந்தால் அழைத்துச் சென்றிருப்போம் என்பதுதான் இத்தேடலின் பின்னால் உள்ள உண்மையான ஏக்கம்.

அவ்வெண் பயன்படக்கூடிய இடம் வேறொன்றும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் 60 உளச்சோர்வு நோயாளரிடம் அழற்சியை அடக்கும் மருந்தொன்று சோதிக்கப்பட்டது. இவர்கள் நடுக்குவாதம் உடையோர் அல்லர். மொத்தத்தில் மருந்துக்கும் வெறும் நீருக்கும் வேறுபாடில்லை. ஆயினும் குருதியில் அழற்சிக் குறியான ‘சி.ஆர்.பி.’ லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் அம்மருந்து பலன் காட்டுவதாய்த் தோன்றிற்று. யாருக்குத் துயரம் என்பதைக் குருதி சொல்லாவிட்டாலும், யாருடைய துயரத்துக்கு எந்த மருந்து என்பதை அது சொல்லக்கூடும். கலேன் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான்: வடியவிடுவதா, நிறுத்துவதா?

இடையே நோயின் தொடக்கத்தைப் பற்றிய அறிவும் மாறிவிட்டது. 2003இல் செருமானியரான பிராக், நோய் கரும்பொருளில் தொடங்குவதில்லை. மூளையின் அடித்தண்டிலும் மணம் அறியும் பகுதியிலும் தொடங்கி மேலேறுகிறது என்று காட்டினார். செரொட்டோனின் சுரக்கும் அணுத்திரள்கள் அந்த ஏணியில் கரும்பொருளுக்குக் கீழ்ப்படியில் உள்ளன. கை நடுங்குவதற்கு முன்பே அவை தாக்கப்படுகின்றன. உளச்சோர்வுக்கு மருத்துவம் பெற்றவரிடையே பின்னாளில் நடுக்குவாதம் மிகுதியாகத் தோன்றுவதை மக்கள்தொகை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. 2015இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில் இத்தொடர்பு இரு பத்தாண்டுகளுக்கு அப்பாலும் நீண்டது. நோய் இருப்பதே அறியாதவன் அந்நோய்க்காக வருந்த முடியாது. நீண்டநாள் கவலை நோய்க்கு முன்னே வருகிறது என்று கௌவர்ஸ் எழுதியது கவனமான பார்வைதான். அது காரணமன்று, நோயின் முதற்படி என்பதே அவருக்குத் தெரியாமற் போயிற்று.

நடுக்குவாத நோயாளரின் உளச்சோர்வைக் காட்டும் குருதிச் சோதனை எதுவும் இன்றுவரை மருத்துவமனைகளில் வழக்கிற்கு வரவில்லை. ஆனால் மருத்துவம் சோதனைக்காகக் காத்திருக்கவில்லை. குருதியில் டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தேடிய அதே மென்சா குழுவினர், அதற்கு முந்திய ஆண்டில் 52 நோயாளரைக் கொண்டு நடத்திய சோதனையில், நார்ட்ரிப்டிலின் என்னும் பழைய மருந்து சோர்வைத் தணிப்பதைக் காட்டியிருந்தனர். 2012இல் 115 நோயாளரிடம் பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகிய மருந்துகளும் பலன் தந்தன. நடுக்கத்தை மிகுவிக்கவும் இல்லை. இவற்றுக்கு இடையே 2011இல், அதே நியூஜெர்சிக் குழுவைச் சேர்ந்த டாப்கின், 80 நோயாளருள் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத மருத்துவம் செய்தார். வாரம் ஒருமுறையாகப் பத்து அமர்வுகளில் நோயாளியோடு பேசி, தம்மைப் பற்றியும் நாளையைப் பற்றியும் அவர் கொண்டுள்ள எண்ணங்களை ஆராயக் கற்பித்தனர். ஹாமில்டன் பட்டியலில் அவர்தம் சோர்வு சராசரி 7 புள்ளிகளுக்கு மேல் இறங்கிற்று. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவரிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. அம்மருத்துவத்தில் நோயாளியின் மனைவிக்கோ கணவருக்கோ மகளுக்கோ தனியாகவும் சில அமர்வுகள் ஒதுக்கப்பட்டன. அங்கே கற்றதை வீட்டில் நோயாளியோடு சேர்ந்து பழகுவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித் தந்தனர்.